மேஸ்திரி வாய்க்குத் திரும்பிப் போன வார்த்தைகள்

எங்கூட்டுக்காரரு வாய்க்கு 'டீ' திரும்பி வந்த அன்னிக்கு, வீதி முக்குல டீக்கடை வெச்சிருக்கற நாச்சிமுத்து வாயிலிருந்து அது போயிருச்சுங்க. செவ்வாக்கெழமை, காலையில பத்தரை மணி இருக்கும். இங்க இவரு சுகந்தி டீச்சர் நீட்டின படத்தைப் பாத்துக் கண்ணு ரெண்டும் பிதுங்க 'டீ'ன்னு சொல்றாரு, அங்க அவன் கையில கிளாஸைப் புடிச்சுக்கிட்டு, நின்னவங்களைப் பாத்து, "சூடா... சூடா... ஒண்ணு யாருக்குங்க?"ன்னு முழிக்கறான். இருபத்தாறு வருஷமா நாளுக்கு முந்நூறு தடவை சொன்ன வார்த்தை, பல்லுக்கு நடுவுல இருந்த பாக்குத் துண்டு எங்கியோ விழுந்த மாதிரி நாக்கால துழாவறான், கெடைக்கல. மறுநாள்ல இருந்து 'சூடா ஒண்ணு'ன்னே சொல்லிப் பழகிக்கிட்டான், நாங்களும் அப்படியே கேட்டுப் பழகிக்கிட்டோம். நீங்க இப்பப் போய்க் கேட்டாலும் நல்லாத்தான் போட்டுக் குடுப்பான், பேரை மட்டும் சொல்ல மாட்டான்.

மொதல்ல இருந்து சொல்லீர்றேன், இல்லாட்டி எங்க வீதி சனத்துக்குப் புத்தி கலங்கிப்போச்சுன்னு நெனச்சுக்குவீங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஈரோடு, இந்தப் பக்கம் நாங்க. ஓங்காளியம்மன் கோயில் வீதியில நாப்பத்தி மூணு வீடு, பாதி வீட்டுல தறி ஓடுது, மிச்சப் பாதி அந்தத் தறிக்கு வேலைக்குப் போகுது. எங்கூட்டுக்காரரு தறி மேஸ்திரி, பழுது பாக்கறவரு. பேரு ரேஷன் கார்டுல இருக்குது, நான் என்ற வாயால சொல்றதில்ல. அவரும் என்ற பேரைச் சொன்னதில்ல. 'ஏம்புள்ள', 'இந்தா', 'அட, உன்னத்தான்', கட்டிக்கிட்டு வந்த இருபத்தொம்பது வருஷத்துல இந்த மூணுதான் நான். என்ற பேரு மரகதம்.

அவருக்குப் பக்கவாதம் வந்தது தறிப்பட்டறைக்குள்ளங்க. எட்டுத் தறி ஒட்டுக்கா ஓடற பட்டறைக்குள்ள இடி விழுந்தாலும் கேக்காது, அதனால அங்க யாரும் வாயால பேசறதில்ல, உதட்டைக் கோணிக் காட்டறதும் கையை ஆட்டறதும்தான் பேச்சு. அன்னிக்குக் காலையில எட்டரைக்கு இவரு வாய் ஒரு பக்கமாக் கோணிப்போய், இடது கையை ஆட்டி ஆட்டி ஆளைக் கூப்பிட்டிருக்கறாரு. தறி ஓட்டற பழனிச்சாமி அதைப் பாத்துட்டு, மொத தறியில குறுக்க ஓடற நாடா சிக்கிக்கிச்சு, நிறுத்தச் சொல்றாருன்னு நெனச்சு நிறுத்தி, நாடாவைக் கழட்டி அப்படியும் இப்படியும் பொரட்டிப் பாத்தானாம், பழுதே இல்ல. இவரு மறுக்கா கையை ஆட்டியிருக்கறாரு, ரெண்டாவதை நிறுத்தியிருக்கறான். இப்படியே ஒவ்வொண்ணா நிறுத்தி, ஒவ்வொண்ணையும் கழட்டிப் பாத்துட்டு, எட்டாவது தறியும் நின்னு பட்டறை கம்முனு ஆனப்பதான் அவரு வாயிலிருந்து வர்றது பேச்சே இல்லைன்னு காதுல விழுந்துச்சாம். அப்ப மணி பன்னண்டு. நாலரை மணி நேரத்துக்குள்ள கூட்டிட்டு வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்மான்னு ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு. நாங்க போய்ச் சேந்தப்ப அஞ்சு மணி நேரம் ஆயிருந்துச்சு.

உசுரு பொழச்சுக்கிச்சு. வலது கையும் காலும் பாதிப் பாதி திரும்புச்சு. பேச்சுதான் அடியோட போயிருச்சு. சொல்றதெல்லாம் புரியும், சிரிப்பாரு, மொறைப்பாரு, ஆனா என்ன கேட்டாலும் "அதான், அதான்" மட்டும்தான். பசிக்குதான்னா அதான், பாத்ரூம் போகோணுமான்னா அதான். அதோட நாலு கெட்ட வார்த்தை மட்டும் துளி சேதாரமில்லாம வந்துச்சு, சட்டையில பட்டன் மாட்டலைன்னா கணீர்னு வரும். அது மூளையில வேற எடத்துல இருக்குமாம், எல்லாருக்கும் அப்படித்தானாம். கோயில் பூசாரி வந்து திருநீறு வெச்சப்பவும் ரெண்டு வந்துச்சு, அந்த ஆளு அதுக்கப்புறம் எங்க வீட்டுப் படியேறல.

சுகந்தி டீச்சர் ஈரோட்டுல இருந்து ஸ்கூட்டியில வந்துச்சு, செவ்வாயும் வெள்ளியும், பேச்சு சொல்லிக் குடுக்கறதுக்கு. சின்னப் புள்ளதான், ஆனா பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. படத்தைக் காட்டும், பாதிச் சொல்லைச் சொல்லி மீதிக்குக் காத்திருக்கும், பேச்சு வராத எடத்துல பாட்டா இழுத்து, அவரு இடது கையைப் புடிச்சுத் தொடையில தட்ட வெச்சு, தட்டுக்கு ஒரு எழுத்தாச் சொல்ல வெக்கும். 'டீ' வந்தது மூணாவது வாரம். அதுக்கடுத்த வெள்ளிக்கெழமை 'நாடா' வந்துச்சு, அன்னிக்கே பழனிச்சாமி பட்டறை வாசல்ல நின்னுக்கிட்டு நாடாவைக் கையில வெச்சு, இது பேரென்னன்னு அழாத கொறையாக் கேட்டான். அடுத்து 'ஆகட்டும்' வந்துச்சு, பட்டறை மொதலாளி குப்பண்ணன் வாயிலிருந்து 'ஆகட்டும்' போச்சு. எவன் வந்து லீவு கேட்டாலும் அந்த ஆளு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டு, "சொல்ல வரமாட்டேங்குதப்பா, நான் என்ன பண்ணட்டும்?"னாரு. இதுதான் சாக்குன்னு ஆளுக பல்லைக் கடிச்சாங்க.

அங்கதாங்க சந்தேகம் பொறந்துச்சு. மொதல்ல டீச்சர் மேல. அதோட பையில என்ன இருக்குது, ஏன் செவ்வாய் வெள்ளி மட்டும் வருது, ஏன் தொடையைத் தட்டுதுன்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணொண்ணு பேசுனாங்க. அப்புறம் என்மேல, நானே வீதி வாயைக் கட்டி எடுத்து என்ற புருசனுக்கு ஊட்டறேன்னு. கடைசியில ஒருத்தர் மேல ஒருத்தருக்கே. ஏன்னா ஒண்ணும் தொலைக்காதவங்களும் தொலைச்ச மாதிரி நடிக்க ஆரம்பிச்சாங்க. பதிமூணாம் நம்பர் வீட்டு மருமக, 'அத்தை'ங்கற வார்த்தை போயிருச்சுன்னு பத்து நாளா மாமியாரைக் கூப்பிடவே இல்ல, பொறவு பின்னால குக்கர் வெடிச்ச மாதிரி விசிலடிக்கவும் "ஐயோ அத்தே!"ன்னு அலறிக் கையும் களவுமா மாட்டிக்கிட்டா. அதிலிருந்து எவனாச்சும் சொல் போச்சுன்னு சொன்னா, அவனுக்குப் பின்னால போய் ரெண்டு பேரு தட்டத்தைக் கீழ போட்டுப் பாக்கறதுன்னு வழக்கமாச்சு.

வாயில ஏதாச்சும் இருந்தா வார்த்தை வெளிய போகாதுன்னு யாரு சொன்னாங்கன்னு தெரியல. செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாப் போதும், நாப்பத்தி ரெண்டு வீட்டுலயும் பொரியை அள்ளி வாயில போட்டுக்குவாங்க. டீச்சர் கெளம்பற வரைக்கும் வீதி முழுக்க 'நொறுக் நொறுக்'னு மென்னுக்கிட்டே இருக்கும், தறிச் சத்தத்தையும் மீறிக் கேக்கும். எங்க சனம் எதையும் சீக்கிரம் பழகிக்கும். மூணு மாசத்துல செவ்வாய் வெள்ளின்னா பொரி நாளுன்னு ஆயிப்போச்சு.

ஆனா போறது நிக்கல. எதுத்த வீட்டுச் சம்பூர்ணத்துக்கு 'சும்மா' போச்சு. வாயைத் தெறந்தா 'சும்மா சொல்றேன்', 'சும்மா வந்தேன்'னு தொடங்கறவ, இப்பத் தொடங்கவே தெரியாம நின்னா. அவ புருசன் சந்தோசத்துல ஓங்காளியம்மனுக்குத் தேங்கா ஒடச்சான். அப்புறம் ஒரு வெள்ளிக்கெழமை இவருக்குத் 'தம்பி' வந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் என்ற கொழுந்தனாரு, ஆறு வீடு தள்ளி இருக்கறவரு, ஒரு சாக்கடைச் சண்டையில பதினொரு வருஷமா எங்க வாசல மிதிக்காதவரு, வந்து இவரு காலடியில உக்காந்துட்டாரு. "அண்ணா, நான் உனக்கு... நான் உனக்கு என்ன வேணும்? சொல்லு, நான் உனக்கு என்ன வேணும்?"னு கேட்டுக்கிட்டு அந்தப் பெரிய மனுசன் கேவிக் கேவி அழுவறாரு. இவரு அவரு தலையைத் தடவிக்கிட்டே, "தம்பி, தம்பி"ன்னாரு. நான் சமையக்கட்டுல நின்னு முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டேன்.

அன்னிக்குதான் எனக்குப் பொறி தட்டுச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமை கோயில் முன்னால வீதியே கூடி, பேச்சு வைத்தியத்தை நிறுத்தோணும், இல்லாட்டி நாங்க வீடு மாறிப் போகோணும்னு சத்தம் போட்டப்ப, நான் எந்திரிச்சு நின்னேன். "ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க"ன்னேன். "டீன்னு இவரு வாழ்நாள்ல அதிகமாச் சொன்னது ஆருகிட்ட? நாச்சிமுத்துகிட்ட. நாடான்னு சொன்னது பழனிச்சாமிகிட்ட. ஆகட்டுங்கன்னு சொன்னது குப்பண்ணன்கிட்ட. சும்மா இரு சம்பூர்ணம், சும்மா இருன்னு சொன்னது இவகிட்ட. எந்த வார்த்தையை ஆருகிட்ட அதிகமாச் சொன்னாரோ, அவங்ககிட்ட இருந்துதான் திரும்ப வாங்கிக்கறாரு. அவரு குடுத்து வெச்சதை அவரு கேக்கறாரு. இதுல களவு எங்க வந்துச்சு?"

நாச்சிமுத்து நெஞ்சை நிமித்திக்கிட்டு, "அப்ப அண்ணன் என்கிட்டத்தான் அதிகமாக் கேட்டிருக்கறாரு, பஸ் ஸ்டாண்டுக் கடையில இல்ல"ன்னான். அவ்வளவுதான், எல்லாருக்கும் அது ஒரு கௌரவமாப் போச்சு. எனக்கு இது போச்சு, உனக்கு என்ன போச்சுன்னு பெருமையடிச்சுக்க ஆரம்பிச்சாங்க. வைத்தியம் நடக்கட்டும்னு அங்கியே முடிவாச்சு. நானும் ஜெயிச்ச சந்தோசத்துல முந்தானையை உதறிச் சொருகறேன், சம்பூர்ணம் கேட்டா பாருங்க ஒரு கேள்வி:

"அது சரி அக்கா, உங்களுக்கு எது போச்சு?"

அவ சாதாரணமாத்தான் கேட்டா. அதுவரைக்கும் இவருக்கு நாப்பத்தேழு வார்த்தை வந்திருந்துச்சு. எனக்கு ஒண்ணுகூடப் போகலைங்க.

வீட்டுக்கு வந்து, அவரை நாற்காலியில உக்கார வெச்சுச் சோறு ஊட்டிக்கிட்டே, எனக்குத் தெரிஞ்ச சொல்லையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாத்தேன். அரிசி, பருப்பு, கதவு, பாயி, கோவம், தீபாவளி. எல்லாம் பத்திரமா இருந்துச்சு. வீதியில இருக்கறவங்களுக்கெல்லாம் ஓட்டை, எனக்கு மட்டும் ஒரு ஓட்டையும் இல்ல. இருபத்தொம்பது வருஷம் ஒரே கூரைக்கடியில இருந்துட்டு, ஒரு வார்த்தைகூட என்கிட்டதான் அதிகமாச் சொன்னாருங்கறதுக்கு இல்லைன்னா, நான் இந்த மனுசனுக்கு ஆருங்க? அவரு என்னைப் பாத்து "அதான்"னாரு. "என்ன அதான்?"னு எரிஞ்சு விழுந்தேன்.

அடுத்த வாரம் 'கண்ணு' வந்துச்சு. ஓடிப்போய்ச் சாமி படத்துக்கு முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன், சொல்ல முடிஞ்சுது, நல்லா முடிஞ்சுது. கோயமுத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கற எங்க பொண்ணு சாயங்காலம் போன் பண்ணுச்சு. "அம்மா, புள்ளையைக் கொஞ்சலாம்னு பாக்கறேன், அந்தச் சொல்லே வரமாட்டேங்குது, அப்பா என்னைக் கூப்பிடுவாங்களே, அது"ன்னு சொல்லி அழுவுது, சிரிக்குது. சரி, பொண்ணுக்குக் குடுத்தது, அதுல நான் வாயைத் தெறக்கக்கூடாதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அதுக்கடுத்த செவ்வாக்கெழமை வந்ததுதான் 'சாப்டியா'.

அதை இவரு என்கிட்டக் கேட்டதே இல்லைங்க. நான் போடுவேன், அவரு திம்பாரு. நான் தின்னனான்னு கேட்டதில்ல. பொண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், அவளால சொல்ல முடியுது. கொழுந்தனாருக்கு முடியுது. அப்ப இந்த மனுசன் இத்தனை வருஷமா அதை ஆருகிட்டக் கேட்டாரு? எனக்குச் சந்தேகப் புத்தி ஜாஸ்திதான், இல்லைன்னு சொல்லல, சந்தேகம் வந்துட்டா எனக்குச் சோறு எறங்காது. மறுநாள் காலையில ஒரு தூக்குப்போசியில கொழம்பை ஊத்திக்கிட்டு வீடு வீடாக் கெளம்பிட்டேன். கொழம்பைக் கையில குடுத்துட்டு, "நான் இன்னும் சாப்பிடலை"ன்னு சொல்லிட்டு மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நிப்பேன். "ஏனக்கா, மணி இத்தனை ஆச்சு, இன்னுமா சாப்பிடலை, காலையில சாப்டீங்களா இல்லையா?"ன்னு ஒவ்வொருத்தியும் கேப்பா. அப்பாடான்னு அடுத்த வீட்டுக்குப் போவேன். முப்பத்தேழு வீடு அப்படித் தாண்டுனேன்.

முப்பத்தெட்டாவது வீடு ராசாமணி வீடு. குப்பண்ணன் பட்டறைக்குத் தார் சுத்தறவ, நாடாவுக்குள்ள வெக்கற நூலைச் சுத்திச் சுத்திக் குடுக்கறதுதான் வேலை. நாப்பது வயசு இருக்கும், புருசன் விட்டுட்டுப் போய்ப் பன்னண்டு வருஷம் ஆச்சு. கொழம்பை வாங்கிக்கிட்டா. "நான் இன்னும் சாப்பிடலை ராசாமணி"ன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் தூக்குப்போசி மூடியைத் தெறந்து தெறந்து மூடுனா.

"வயித்துக்கு... வயித்துக்கு ஆச்சுங்களா அக்கா?"ன்னு கேட்டா.

திரும்பி வந்துட்டேன். ஒரு பொம்பளையைப் பாத்துத் தெனமும் சாப்டியான்னு ஒரு ஆம்பளை கேட்டிருக்கறான்னா, அதுக்கு முன்னால என்ன இருந்திருக்கும், அதுக்குப் பின்னால என்ன இருந்திருக்கும்? வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டுப் போயிரலாமான்னு இருந்துச்சு. ஆனா ஒத்தைச் சாட்சியை வெச்சுக்கிட்டு நியாயம் கேக்க முடியாது, அவ ஒரு கதை சொல்லுவா, இவருக்கு அந்தக் கதையும் சொல்லத் தெரியாது. இன்னொரு சாட்சி வேணும்னு முடிவு பண்ணுனேன்.

வெள்ளிக்கெழமை டீச்சர் வந்ததும், படத்தையெல்லாம் எடுத்து வெச்சிருங்க, என்ற பேரைச் சொல்லிக் குடுங்கன்னேன்.

சுகந்தி என்னை ஏற எறங்கப் பாத்துச்சு. "நீங்களே சொன்னீங்களேக்கா, அவரு உங்க பேரைச் சொன்னதே இல்லைன்னு. வாயில இல்லாத வார்த்தையைப் புதுசாப் படிக்கறது ரொம்பச் சிரமம். வேற ஏதாச்சும்..."

"என்கிட்டச் சொன்னதில்ல. வேற ஆருகிட்டச் சொன்னாருன்னு பாக்கோணும். சொல்லியிருந்தா அவளுக்குப் போகும். சொல்லவே இல்லைன்னா ஒருத்தருக்கும் போகாது, அப்ப நான் இந்த வீட்டுல வெறும் ஆளுன்னு தெரிஞ்சுக்கறேன்."

"அக்கா, இது வைத்தியம். விசாரணை இல்லை."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். சொல்லிக் குடுங்க."

அவரு நாற்காலியில உக்காந்து எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. எல்லாம் புரிஞ்சுதுங்க அவருக்கு. "அதான், அதான், அதான்"னு இடது கையை ஆட்டுனாரு. வேண்டாங்கறாரா, சொல்றேங்கறாரான்னு எனக்குத் தெரியல.

அஞ்சு வாரம் ஆச்சுங்க. ம, ர, க, தம். நாலு தட்டு. டீச்சர் இழுத்துப் பாடும், அவரு கை தொடையில தட்டும், உதடு ஒட்டும், பிரியும், 'ம'வுல நிக்கும். ஒரு நாள் 'மர' வரைக்கும் வந்துச்சு, மரம்னு முடிச்சுட்டு அவமானமாத் தலையைத் தொங்கப் போட்டாரு. வேர்த்து ஊத்தும். சட்டையெல்லாம் நனைஞ்சுரும். பாவமாத்தான் இருந்துச்சு, விட்டுருலாமான்னு நெனப்பேன், ராசாமணி மூடியைத் தெறந்து தெறந்து மூடுனது கண்ணு முன்னால வரும், மறுக்கா சொல்ல வெய்யுங்க டீச்சர்ன்னுருவேன். விசயம் வீதிக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க வீட்டு ஜன்னல்ல எப்பப் பாத்தாலும் நாலு தலை. என்ற பேரு ஆரு வாயிலிருந்து போகப்போகுதுன்னு வீதியே ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்துக்கிட்டுத் திரிஞ்சாங்க. புருசன்மாருங்க பொண்டாட்டிகளைத் தனியாக் கூப்பிட்டு, "எங்க, மேஸ்திரி சம்சாரம் பேரைச் சொல்லு பாக்கலாம்"னு தெனமும் பரீட்சை வெச்சாங்க.

ஆறாவது வாரம் செவ்வாக்கெழமை, பதினொரு மணிக்கு, நாலாவது தட்டுல அது வந்துருச்சு.

"மரகதம்."

கரகரன்னு, ஓட்டாத தறி மொதல்ல ஓடற மாதிரி வந்துச்சு. அந்தக் கொரல்ல என்ற பேரு எப்படி இருக்கும்னு எனக்கு அன்னிக்குதாங்க தெரியும். ஒரு நிமிசம் எல்லாத்தையும் மறந்துட்டேன். அதுக்குள்ள ஜன்னல்ல இருந்த சம்பூர்ணம் பொரியைத் துப்பிட்டு, "மரகதம்! எனக்கு இருக்குது, மரகதம்!"னு கத்துனா. அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டுக் கதவும் தெறந்துச்சு. ஒவ்வொருத்தியும் வாசல்ல வந்து நின்னு, புருசன் காதுல விழற மாதிரி, "மரகதம்! மரகதம்!"னு கூவறாளுக, தான் உத்தமின்னு நிரூபிக்கோணுமாமே. ஆம்பளைகளும் சேந்துக்கிட்டாங்க. தறியெல்லாம் நிறுத்திட்டாங்க. வீதி இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் என்ற பேருதான்.

ஒரு வீட்டுக் கதவு மட்டும் தெறக்கல. நான் அங்க போனேன். பின்னாலயே வீதி வந்துச்சு, எல்லாரையும் வாசல்லயே நிறுத்திட்டு நான் மட்டும் உள்ள போனேன்.

ராசாமணி தார் சுத்தற ராட்டைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு.

"என்ற பேரைச் சொல்லு"ன்னேன்.

வாயைத் தெறந்தா. உதட்டை ஒட்டுனா, பிரிச்சா. வரலைங்க. கண்ணுல பொலபொலன்னு தண்ணி ஊத்துச்சு.

"எத்தனை வருஷமா நடக்குது?"

"பதினொரு வருஷமுங்க. ஒரு நாள் பட்டினியில தறிக்குப் பக்கத்துல மயங்கி விழுந்துட்டேன், முடி மாட்டியிருந்தாத் தலையே போயிருக்கும். அதிலிருந்து காலையில நான் தார் குடுக்கப் பட்டறைக்குப் போனதும், தறி ஓட்டறதுக்கு முன்னால, அதைக் கேப்பாருங்க. இல்லைன்னா தன்னோட டிப்பனைப் பாதி குடுப்பாரு. வேற எதுவும் இல்லைங்கக்கா. எங்க கொண்டுபோய் வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

"வேற எதுவும் இல்லைன்னா என்ற பேரு உன் வாய்க்கு எப்படி வந்துச்சு?"

அவ மூக்கைத் தொடச்சுக்கிட்டா. அவளுக்கும் கோவம் வந்துச்சு. "அந்த டிப்பனைத் தின்னா சும்மா திங்க முடியுமாங்க்கா? மூடியைத் தெறந்ததுல இருந்து உங்க புராணந்தான். இன்னிக்குப் புளிக்கொழம்பு, அவ வெச்சா ரெண்டு நாளைக்குக் கெடாது. அவளுக்கு முட்டி வலி, மாடிப்படி ஏறக்கூடாதுன்னா கேக்க மாட்டா. அவ என்மேல கோவமா இருக்கறா, எதுக்குன்னு தெரியல, உனக்குத் தெரியுமா ராசாமணி? எனக்கு எப்படீங்க தெரியும்? 'அவ'ன்னா சொல்லுவாரு? ஒவ்வொண்ணுக்கும் முன்னால உங்க பேரு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சுங்க. போகட்டும், போனதே நல்லதுன்னு இருக்குது."

சந்தோசப்பட்டிருக்கோணும், இல்லீங்களா? எனக்குச் சந்தோசம் வரலைங்க. ஆத்திரம்தான் வந்துச்சு. என்ற முட்டி வலி இவளுக்குத் தெரியுது, அவருக்குத் தெரியும்கறதே எனக்குத் தெரியாது. புளிக்கொழம்பு நல்லா இருக்குதுன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்பாரு? "கோவமா இருக்கறான்னு சொன்னாரா, கோவக்காரின்னு சொன்னாரா?"ன்னு கேட்டேன். "ரெண்டுந்தான்"னா ராசாமணி. அவளைத் திட்டவும் வாய் வரல, கட்டிக்கவும் கை வரல. "மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுப் போ"ன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன்.

வீதி வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. நேரா வீட்டுக்குப் போனேன், கூட்டம் வாசல்லயும் ஜன்னல்லயும் வந்து அடைச்சுக்கிச்சு. டீச்சர் படத்தையெல்லாம் பையில வெச்சுக்கிட்டிருந்துச்சு.

"ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்திருக்கறீங்க"ன்னு கத்துனேன். "டீக்கடைக்காரனுக்கு ஒண்ணு, மொதலாளிக்கு ஒண்ணு, தார் சுத்தறவளுக்கு ரெண்டு. என்ற பேரைக்கூட அவகிட்டக் குடுத்திருக்கறீங்க. எனக்கு? எனக்குன்னு ஒண்ணு இல்லையா? ஒரே ஒண்ணு?"

சொல்லிட்டு அவரு தோள்ல ரெண்டு அடி போட்டேன். நோயாளின்னுகூடப் பாக்கலைங்க, போட்டுட்டேன். அப்புறம் அவரு முட்டி மேல தலையை வெச்சு அழுதேன். அவரு, "மரகதம்"னாரு. மறுக்கா, "மரகதம்"னாரு. அப்புறம் "அதான், அதான்"னு சொல்லிக்கிட்டே இடது கையால ஜன்னலைக் காட்டுனாரு.

நான் எந்திரிச்சேன். டீச்சரைக் கையைப் புடிச்சு வெளிய அனுப்புனேன். ஜன்னலைச் சாத்துனேன், சம்பூர்ணத்தோட மூக்கு மயிரிழையில தப்பிச்சுது. கதவைச் சாத்தித் தாப்பாப் போட்டேன். எங்க வீதியில பட்டப்பகல்ல, வேடிக்கை நடக்கற வீடே கதவைச் சாத்துனது அதுதான் மொத தடவை. வெளிய கொஞ்ச நேரம் முணுமுணுப்பு இருந்துச்சு, பொறவு அதுவும் நின்னுது.

உள்ள வந்து அவரு பக்கத்துல தரையில உக்காந்தேன். படமும் இல்ல, பாட்டும் இல்ல, தட்டறதும் இல்ல. அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எத்தனை நேரம்னு தெரியல, அடுப்புல வெச்ச பருப்பு அடிப்புடிச்சு வாசம் வந்துச்சு, நான் எந்திரிக்கல. அவரு உதடு அசைஞ்சுது. ஒரு சின்ன வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சிரமமே இல்லாம, தூங்கி எந்திரிச்சவரு பேசற மாதிரி வந்துச்சு. கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துக்கிச்சு. இத்தனை வருஷமா அவரு அதை எங்கிட்டச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கறாரு, தெனமும் சொல்லியிருக்கறாரு, நான்தான் அதை ஒரு பேச்சாவே எடுத்துக்கலைங்க. அவரு சொன்னா நானும் பதிலுக்கு அதையேதான் சொல்லுவேன். அன்னிக்கும் சொல்லலாம்னு வாயைத் தெறந்தேன்.

நாக்கு வெறுமனே அசைஞ்சுது. ஒண்ணும் வரல.

சிரிச்சேன் பாருங்க, கண்ணுல தண்ணியோட, கிறுக்கச்சி மாதிரி. அவரும் சிரிச்சாரு, பாதி வாயிலதான், ஆனா சிரிச்சாரு. கதவைத் தெறந்து வெளிய வந்தப்ப நாப்பத்தி ரெண்டு வீட்டுச் சனமும் அப்படியே நின்னுக்கிட்டிருந்துச்சு. என் மூஞ்சியைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு அவங்களுக்கு. சம்பூர்ணந்தான் முன்னால வந்தா, "போச்சாக்கா? எது போச்சு? எது?"ன்னு. அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் வீதியில பாக்கறவங்க எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க, எதையோ மறைக்கறேன்னு என்மேல சந்தேகம் அவங்களுக்கு, பின்னால வந்து தட்டத்தைப் போட்டுக்கூடப் பாத்துட்டாங்க. நீங்களும் இப்ப அதைத்தான் கேக்கப்போறீங்க. சொல்லக்கூடாதுன்னு இல்லைங்க. எனக்குச் சொல்ல வராது.